இடது கைப் பூ

வயிறு எரிகிறது எனக்கு. இமயமலை அடிவாரத்துக் குலேர் ராஜ்ஜியத்தில் சித்திரம் எழுதுகிற வீடு எங்களுடையது. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு உருவம் வரைவதெல்லாம் நான். வண்ணம் பூசி அரண்மனைக்குக் கொண்டுபோய், எல்லாம் தன் கைவேலை என்று நெஞ்சை நிமிர்த்தி நிற்பது என் கொழுந்தன் சுக்ரு. போன தீபாவளிக்கு ஒரு படத்துக்காக ராஜா போர்த்திய சால்வையைத் தூங்கும்போதுகூட அவன் கழற்றுவதில்லை. நான் ஒரு வார்த்தை சொன்னேனா? தூரிகை கையில் இருந்தால் போதும் என்று வாயை மூடிக்கொண்டு கிடந்தேன்.

ராஜா தேவிக்குப் பூப்போடுகிற மாதிரி ஒரு படம் அரண்மனையில் கேட்டார்கள். மான்தோலில் வரைந்து, கோட்டின்மேல் ஊசித்துளை போட்டுக் கொடுத்தேன். அதைத் தாள்மேல் வைத்துக் கரித்தூள் தட்டினால் படம் இறங்கிவிடும். ராஜாவுக்குப் பிடித்துப்போய், எதிர்ப்பக்கம் பார்க்கிற மாதிரி ஜோடிக்கு இன்னொன்று கேட்டார். தோலைத் திருப்பிப் போட்டால் ஆச்சு என்றான் சுக்ரு. மரத்துக்கும் மாட்டுக்கும் அது சரி, மனுஷனுக்குக் கையை மாற்றி வரையணும், என்னிடம் கொடு என்றேன். அந்தப் பெரிய மனுஷன் காதில் ஏறினால்தானே. மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு அவனே முடித்துக் கொண்டுபோனான்.

படத்தில் ராஜா இடது கையால் தேவிக்குப் பூப்போடுகிறார். சபையே வெலவெலத்துப் போச்சாம். இந்தப் புண்ணியவான் என்ன செய்தான் தெரியுமா? வரைந்தது எங்கள் அண்ணி, பொம்பளை புத்தி அவ்வளவுதான் என்று என்னைக் காட்டிவிட்டான்.

திவான் வாசலுக்கே வந்துவிட்டார். இனி நான் தூரிகையைத் தொடக்கூடாதாம். எனக்கு இந்த வீட்டில் வேறென்ன இருக்கிறது? முக்காட்டுக்குள்ளிருந்தே கேட்டுவிட்டேன்.

“ஐயா, தப்பா வந்தது மட்டும்தான் என் கையா? சால்வை வாங்கின படத்தை யாரு வரைஞ்சான்னு அவனையே கேளுங்க.”

சுக்ரு சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான். பெண்கள் பேச்சைச் சபையில் எடுப்பது வழக்கமில்லை என்று திவான் முனகினார். பழி போடும்போது அந்த வழக்கம் எங்கே போச்சோ. நவராத்திரிக்குள் திருத்தமான படம் வரவேண்டும் என்று சுக்ருவிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

அவர் தலை மறைந்ததும் இவன் குழைந்துகொண்டு வந்தான்.

“அண்ணி, யாருக்கும் தெரியாம வரைஞ்சு குடுத்துடுங்க. உங்க பேரு வெளிய வராது.”

“எப்பதான் வந்துச்சு? உத்தரவைக் கேட்டேல்ல, நான் தொடக்கூடாது. இந்தா, நீயே வரை.”

தூரிகையை அவன் கையில் திணித்தேன். உட்கார்ந்தான். பொழுது சாய்ந்தும் தாள் வெள்ளையாகவே இருந்தது. பிடுங்கி நாலு கோடு இழுத்துவிடலாம் போலிருந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.