மூன்றாவது சைகை

கிளையை வெட்ட வேண்டாம் என்று மெர்சி சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். அர்த்தனாரி காதில் போட்டுக்கொண்டால்தானே. வேட்டியை மடித்துக் கட்டி, கொடுவாளை இடுப்பில் செருகிக்கொண்டு, மிளகுக்கொடி சுற்றிய சில்வர் ஓக் மரத்தில் பாதி உயரம் ஏறிவிட்டார். வீட்டுக்கும் அவர்தான் சொந்தக்காரர், மரத்துக்கும் அவர்தான் சொந்தக்காரர். வாடகைக்கு இருப்பவள் பேச்சு எடுபடுமா?

"இந்தக் கிளைதானுங்க நர்சம்மா, டிஷ்ஷுக்கு நேரா நிக்குது. காத்தடிச்சா படம் கட்டங்கட்டமாப் போயிருது. நம்ம சார் டிவில வர்ற அன்னைக்கு அப்புடி ஆவலாமுங்களா?"

"மிளகு சரம் பிடிச்சிருக்குண்ணே. பாவம், விட்டுடுங்க."

"மொளகு அடுத்த வருசமும் காய்க்குமுங்க. சார் அடுத்த வருசம் வருவாருங்களா?"

கிளை முறிந்து விழுந்தது. வீட்டுக்குள்ளிருந்து "தெளிஞ்சிருச்சு, தெளிஞ்சிருச்சு" என்று பத்துக் குரல்கள் எழுந்தன. படம் தெரியட்டும் என்று ஊரே காத்திருக்க, படம் போய்த் தொலையட்டும் என்று காலையிலிருந்து மாதாவிடம் மன்றாடிக்கொண்டிருந்தவள் மெர்சி ஒருத்திதான்.

மெர்சி மலைமேல் குண்டூர் நாட்டுப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். அவள் கணவர் ஜான்பீட்டர் அதே பக்கத்தில் அரசு உண்டு உறைவிடப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். இருவரும் திண்டுக்கல் பக்கத்திலிருந்து வேலைக்காக மலையேறி வந்தவர்கள். பிள்ளைகளுக்குக் கபடியும் கோ-கோவும் சொல்லிக்கொடுக்கிற ஜான்பீட்டருக்கு டென்னிஸ் என்றால் உயிர். ஆடுவதற்கு அல்ல, கோட்டோரம் நிற்பதற்கு. அதற்கென்று பரீட்சை எழுதித் தேறியவர். சென்னையிலோ பெங்களூரிலோ பெரிய போட்டி நடந்தால் லீவு போட்டுவிட்டுக் கோட்டு நடுவராகப் போய்விடுவார். பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. அதற்குப் போய் இந்த மனிதர் மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிற மாதிரி சட்டையைத் தேய்த்து வைத்துக்கொள்வார்.

இந்த முறை சென்னையில் பல நாட்டுப் பெண்கள் வந்து ஆடுகிற பெரிய போட்டி. மாதக் கட்டணம் இல்லாத டிஷ்ஷிலேயே அரசு விளையாட்டுச் சேனலில் நேரடியாகக் காட்டுகிறார்கள். அடுத்த வருடத்திலிருந்து கோட்டைப் பார்க்க ஆள் கிடையாதாம், எல்லாம் மெஷின்தானாம். ஆக, ஜான்பீட்டர் நிற்கப்போவது இதுதான் கடைசி. இன்றைக்கு இறுதி ஆட்டம், அதற்கும் அவரைப் போட்டுவிட்டார்கள். செய்தி எட்டியதும் ஊர் திரண்டு மெர்சி வீட்டுக்கு வந்துவிட்டது.

ஊருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. ஜான்பீட்டருக்குக் கண் சரியில்லை.

முதலில் மெர்சிக்கே விளங்கவில்லை. டம்ளருக்குப் பக்கத்தில் காப்பியை ஊற்றினார், நிலைப்படியில் தோளை இடித்துக்கொண்டார். நச்சரித்துச் சேலத்துக்குக் கூட்டிப்போனாள். இடது கண்ணில் அழுத்தம் கூடி நரம்பு கெட்டுக்கொண்டிருக்கிறது, ஓரப்பார்வை போய்விட்டது, போனது திரும்பாது, இருக்கிறதைக் காப்பாற்றலாம், வலது கண்ணையும் சீக்கிரம் சோதிக்க வேண்டும் என்றார் டாக்டர். வெளியே வந்ததும் ஜான்பீட்டர் சொன்னது: "அவங்களுக்கு மிஷினை வாங்கிப் போட்டுட்டா யாருக்காவது சோதனை பண்ணணும்ல." அதோடு சரி. சொட்டு மருந்தும் மூடி திறக்காமல் அலமாரியில் கிடக்கிறது.

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று பேரும் பைக்கில் மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். முன்னால் பெட்ரோல் டேங்க் மேல் ஒன்றாவது படிக்கும் மகள் அருள்மொழி. ஒரு வளைவில் இடப்பக்கமிருந்து வாழைத்தார் லாரி மேலேறி வந்தது. மெர்சி போட்ட கூச்சலில்தான் அவர் வண்டியை ஒடித்தார். லாரிக்காரன் திட்டிய திட்டு இன்னும் அவள் காதில் இருக்கிறது. "பார்த்துட்டேன், நீ எதுக்குக் கத்துற?" என்றார் ஜான்பீட்டர். அவர் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"எனக்குத் தெரியலைன்னு ஒரே ஒரு தடவை சொல்லுங்க. அது போதும், மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்று அன்று ராத்திரி அழுதாள். அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இந்தப் போட்டிக்குக் கண் பரிசோதனைச் சான்று கேட்டார்கள். அதை எப்படி வாங்கினார் என்று நினைத்தால் மெர்சிக்குச் சிரிப்பும் வரும், வயிறும் எரியும். சாயந்தரம் அவளைக் கூட்டிப்போக வந்து சுகாதார நிலையத்து பெஞ்சில் உட்காருவார். அதற்கு நேர் எதிரேதான் கண் பார்க்கிற எழுத்து அட்டை தொங்குகிறது. வருடக்கணக்கில் உட்கார்ந்து உட்கார்ந்து அட்டை முழுக்க மனப்பாடம். அந்த நிலையத்து டாக்டர் முன்னால் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று ஒப்பித்தார். குச்சியால் எழுத்தைத் தொட்டுக் காட்டியவள் மெர்சியேதான். அவள் வாயைத் திறக்கவில்லை.

"கோட்டை மட்டும்தானே பார்க்கப்போறேன்? நேரா இருக்கிறதெல்லாம் எனக்குத் தெளிவாத் தெரியும். கோர்ட்டு முழுக்க என் வலப்பக்கம் இருக்கிற மாதிரி கோடு கேட்டு வாங்கிக்கறேன். வலது கண்ணு கல்லு மாதிரி இருக்கு" என்று சமாதானம் சொல்லிவிட்டு சென்னைக்கு பஸ் ஏறினார். பைக் வாசலில் நிற்கிறது, சாவி ஆணியில் தொங்குகிறது.

டிவிக்கு முன்னால் உட்கார இடமில்லை. அர்த்தனாரியின் மனைவி கண்ணாயி ஒரு குண்டான் நிறைய மரவள்ளிக் குச்சிக்கிழங்கு வேகவைத்துக் கொண்டுவந்திருந்தாள். அவர்கள் மகன் யுவராஜ் நாமக்கல்லில் கல்லூரியில் படிக்கிறவன். செல்போனில் டென்னிஸ் விதிகளைப் படித்துவிட்டு வந்து, ஊருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். அருள்மொழி அவர்கள் நடுவே எழுந்து நின்றாள்.

"அப்பாவுக்கு மூணு சைகை இருக்கு" என்று கையை ஒரு பக்கமாக நீட்டினாள். "இது அவுட்டு." இரண்டு உள்ளங்கைகளையும் கவிழ்த்துக் காட்டினாள். "இது உள்ளே." பிறகு இரண்டு கைகளாலும் கண்ணை மூடிக்கொண்டாள். "இது, எனக்குத் தெரியலை."

மூன்றாவது சைகையைப் பற்றி ஜான்பீட்டர் பேசாத நாள் கிடையாது. ஆடுகிறவர் குறுக்கே வந்து மறைத்துவிட்டால் கோட்டு நடுவர் அப்படிக் காட்டலாம், தப்பில்லை. ஆனால் அவருக்கு அது மானப் பிரச்சினை. "இத்தனை வருஷத்துல மூணாவதை நான் செஞ்சதே இல்லை. செய்யிற அன்னைக்குக் கோட்டை விட்டு இறங்கிடுவேன்" என்பார்.

ஆட்டம் தொடங்கியது. மஞ்சள் சட்டைக்காரி ஒரு பக்கம், வெள்ளைச் சட்டைக்காரி ஒரு பக்கம். அவர்களை யார் பார்த்தார்கள்? திரையின் மேல் மூலையில், முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நிற்கிற நீலச் சட்டையைத்தான் வீடே பார்த்தது.

"அதோ சாரு! தொப்பி போட்டிருக்காருங்க!"

"ஏனுங்க, பந்து அந்தப் பக்கமே போவுதே. சார் பக்கம் அடிக்கச் சொல்லுங்க" என்றாள் கண்ணாயி.

வேண்டாம் மாதாவே, அந்தப் பக்கமே போகட்டும் என்று மெர்சி உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள். அவர் கோட்டுப் பக்கம் பந்து திரும்பினால் போதும், வீடு ஆர்ப்பரித்தது, அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கையில் கொடுத்த கிழங்கு கடிபடாமல் ஆறிப்போனது.

முதல் பந்து வந்தது. கோட்டோரம் விழுந்த கணமே, "அவுட்!" என்று டிவியிலிருந்து ஜான்பீட்டரின் குரல். கை கத்தி போல நீண்டது. மைதானத்தில் பிள்ளைகளை அதட்டுகிற அதே குரல். ஜன்னலுக்கு வெளியே நின்ற பள்ளிப் பிள்ளைகள் விசிலடித்தார்கள். மஞ்சள் சட்டைக்காரி ஒத்துக்கொள்ளவில்லை, சந்தேகம் வந்தால் கேட்பதற்கென்று இப்போதே வைத்திருக்கிற மெஷினைக் கேட்கச் சொல்லி விரலைத் தூக்கினாள்.

மெர்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். திரையில் கம்ப்யூட்டர் படம் வந்தது. பந்து உருண்டு வந்து கோட்டுக்கு ஒரு விரற்கடை வெளியே விழுந்து நின்றது.

"எந்தச் சீமைக்காரியா இருந்தா என்னங்க, சார் விடலை பாருங்க!" என்று அர்த்தனாரி தொடையைத் தட்டினார்.

அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. இன்னொரு பந்தும் வந்தது, அதையும் சரியாகச் சொன்னார். மூன்றாவதையும் சொன்னார். மெர்சிக்கே சந்தேகம் வந்துவிட்டது. நேரே இருப்பது தெரியும் என்றாரே, நிஜந்தானோ? நான்தான் நர்ஸ் புத்தியில் இல்லாததையெல்லாம் கற்பனை பண்ணி இந்த மனுஷனைப் பாடாய்ப்படுத்திவிட்டேனோ? முதல் தடவையாகக் கிழங்கை ஒரு வாய் கடித்தாள். அப்படியானால் லாரி? லாரியை நினைத்ததும் மிச்சக் கிழங்கைக் கீழே வைத்துவிட்டாள்.

ஆட்டம் ஆளுக்கொரு செட்டாகி மூன்றாவது செட்டுக்கு இழுத்தது. வெளியே பனிமூட்டம் இறங்கியது. படம் ஒரு தடவை நடுங்கி, கட்டங்கட்டமாக உடைந்து, மறுபடி சேர்ந்துகொண்டது. உடைந்த அந்த நேரம் மெர்சி கண்ணை மூடிக்கொண்டாள், திறந்தபோது நீலச் சட்டை அங்கேயே குனிந்து நின்றது.

"இந்தப் பாயிண்டை எடுத்தா வெள்ளைச் சட்டை ஜெயிச்சிருமுங்க" என்றான் யுவராஜ். வீடு அமைதியானது.

பந்து அங்குமிங்கும் போய்வந்தது. மஞ்சள் சட்டைக்காரி ஓங்கி ஒன்று அடித்தாள். அது ஜான்பீட்டரின் கோட்டை நோக்கி வந்தது. அவர் வலப்பக்கத்திலிருந்து, கல்லு மாதிரி இருக்கிறது என்று அவர் சொன்ன கண்ணின் பக்கத்திலிருந்து வந்தது. குறுக்கே ஈ காக்கை இல்லை. கோட்டைத் தாண்டி நன்றாகத் தள்ளி விழுந்தது.

"அவுட்டு!" என்று வீடே ஒரே குரலில் கத்தியது. கண்ணாயிக்குக்கூடத் தெரிந்துவிட்டது. எல்லாரும் சாரின் குரலுக்காகக் காத்திருந்தார்கள்.

டிவியில் சத்தமே இல்லை.

உயர நாற்காலியில் இருந்த அம்பயர் ஜான்பீட்டரைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு பெண்களும் பார்த்தார்கள். கேமராவும் அவரிடம் போனது, முகம் திரை முழுக்க வந்தது. அவர் இன்னும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாம், பாதிக்குப் பாதி சரியாக இருக்கும். அப்படி அடித்துவிடக்கூடியவர்தான், அட்டையை ஒப்பித்தவர்தானே.

ஜான்பீட்டர் நிமிர்ந்தார். இரண்டு கைகளையும் மெதுவாகத் தூக்கிக் கண்களை மூடிக்கொண்டார்.

"ஐயோ, சார் அழுவறாருங்களா?" என்றாள் கண்ணாயி.

"இல்லீங்கம்மா, அது மூணாவது சைகை. பிளேயர் மறைச்சிருப்பா, அதான் தெரியலைங்கறாரு. அது ரூல்ஸ்ல இருக்குது" என்றான் யுவராஜ். மெஷினைக் கேட்டார்கள். பந்து கோட்டிலிருந்து ஒரு சாண் வெளியே கிடந்தது. வெள்ளைச் சட்டைக்காரி ராக்கெட்டை வீசிவிட்டுக் குதித்தாள். வீட்டில் யாரும் அவளைப் பார்க்கவில்லை.

"அதானே, குறுக்க வந்து மறைச்சுப்போட்டா சார் என்ன பண்ணுவாரு?" என்றார் அர்த்தனாரி. எல்லாரும் தலையாட்டினார்கள். நல்ல மனிதர்கள், சாருக்கு ஒரு குறை வர விடமாட்டார்கள். மெர்சி சும்மா இருந்திருந்தால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்திருக்கும், பைக் சாவியும் ஆணியிலேயே தொங்கியிருக்கும்.

"யாரும் மறைக்கலைண்ணே" என்றாள். "அவருக்குக் கண்ணு தெரியலை. எனக்கு முன்னாடியே தெரியும். நான்தான் மறைச்சேன்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. ஒரு தடவை சொல்லுங்கள் என்று அவள் கெஞ்சியபோது வாய் திறக்காத மனிதர், நாடே பார்க்கையில் சொல்லிவிட்டார். அதில் அவளுக்குப் பெருமையாக இருந்தது. அதே நேரம் பயமாகவும் இருந்தது. இடது கண் மட்டும்தான் என்றுதானே இத்தனை நாள் தைரியமாக இருந்தாள். பந்து வந்தது வலப்பக்கத்திலிருந்து.

அவள் எழுந்து ஆணியிலிருந்த பைக் சாவியை எடுத்து அர்த்தனாரியின் கையில் வைத்தாள்.

"இதை உங்க வீட்டுல வெச்சுக்கோங்கண்ணே. அவர் வந்து கேட்டாலும் குடுக்காதீங்க."

அவர் சாவியை வாங்கி மடியில் முடிந்துகொண்டார். எத்தனை நாளைக்கு என்று கேட்கவில்லை. கண்ணாயி அருள்மொழியை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல சாமி" என்று தலையைத் தடவினாள்.

டிவியில் கோப்பையைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது மெர்சியின் போன் அடித்தது.

"பார்த்தியா?" என்றார் ஜான்பீட்டர்.

"பார்த்தேன்."

போனில் அவருக்குப் பின்னால் கூட்டத்தின் கைதட்டல் கேட்டது. அதே கைதட்டல் ஒரு நொடி கழித்து டிவியிலும் கேட்டது.

"எனக்குத் தெரியலை மெர்சி. பந்து வந்ததே தெரியலை. வலது பக்கந்தான்." அவர் குரல் உடைந்தது. "நாளைக்கு சேலத்துலயே இறங்கிக்கறேன். நீயும் அங்க வந்துடு. தனியா டாக்டர்கிட்டப் போக பயமா இருக்கு."

"வந்துடறேங்க" என்றாள்.

போனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். காலையில் சேலத்துக்கு முதல் பஸ் எப்போது என்று அர்த்தனாரியிடம் கேட்டாள்.