மலர விட்ட பூ

ஒன்பதாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். பூ ஏவாரி முத்துக்கருப்பனுக்கு மலையம்மாள் கொடுக்க வேண்டிய பாக்கி அவ்வளவு. அரசாங்கம் கொடுத்த தொகுப்பு வீட்டுக்கு நிலையும் கதவும் போட அவனிடம் அட்வான்ஸ் என்று பன்னிரண்டாயிரம் வாங்கியிருந்தாள். கதவு போட்டு மூன்று மழைக்காலம் போய்விட்டது. அடிப்பலகை தண்ணீர் குடித்து உப்பி, இப்போது காலால் உதைத்தால்தான் சாத்தவோ திறக்கவோ முடிகிறது. பாக்கி மட்டும் இளைக்கவே மாட்டேன் என்றது.

திருவாதவூர்ப் பக்கம் பூ ஏவாரிகள் கொடுத்த பணத்துக்கு வட்டி கேட்பதில்லை. பணம் வாங்கிய வீட்டுப் பூ அவர்களுக்குத்தான் போக வேண்டும், அவர்கள் சொன்னதுதான் விலை, அவ்வளவுதான் பேச்சு. மலையம்மாளின் மூன்று சென்ட் மனையில் வீடு போக மிச்சமிருந்த இடமெல்லாம் மல்லிகை. கூலிக்குப் பூ எடுக்கப் போன தோட்டங்களில் கவாத்துப் பண்ணிப் போட்ட குச்சிகளைக் கேட்டு வாங்கி வந்து ஊன்றியது. சித்திரை பிறந்தால் செடி அள்ளிக் கொட்டும், அப்போது மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் விலை படுத்துவிடும். மார்கழியில் விலை மச்சு மேல் ஏறி உட்காரும், செடியில் மருந்துக்கும் மொட்டு இருக்காது. இப்படிப் போனால் பாக்கி எங்கே இளைக்கும்?

பாவாடை கட்டிய வயசிலிருந்து அவளுக்குப் பூ எடுப்புத்தான் வேலை. விடிவதற்கு முன்னால் தோட்டத்தில் நிற்க வேண்டும். முற்றி வெளுத்த மொட்டை, காம்போடு, நகம் படாமல் கிள்ள வேண்டும். வெயில் ஏறுவதற்குள் செடி மொட்டையாகிவிட வேண்டும். முந்தின நாள் கண்ணுக்குத் தப்பி மலர்ந்து போன பூ ஒன்றிரண்டு வாடித் தொங்கும். தெரியாமல் அது கூடையில் விழுந்துவிட்டால் தோட்டக்காரர் அதை இரண்டு விரலால் தூக்கிக் காட்டி, இது யார் கை என்று கேட்பார். ஆக மலர்ந்த பூ என்றால் மலையம்மாளுக்கு அது பூவே இல்லை. வேலையில் விட்ட தப்பு.

தன் வீட்டுச் செடியையும் அவள் அப்படித்தான் எடுத்தாள். எழுந்ததும் வீட்டுப் பூ, அதற்குப் பிறகு கூலிப் பூ. முத்துக்கருப்பன் விடியலில் டி.வி.எஸ். எக்ஸெல்லில் வந்து நிறுத்துப் பார்த்து மூட்டையில் கொட்டிக்கொண்டு போவான். புருசன் சோலை அதற்கு முன்பே கல்குவாரிக்குக் கிளம்பிவிடுவான். அவன் திரும்பி வரும்போது ஊரடங்கியிருக்கும், அவளும் சோற்றை மூடி வைத்துவிட்டுப் படுத்திருப்பாள். அந்த வீட்டில் மல்லிகை இருந்தது. மல்லிகை பூத்ததை யாரும் பார்த்ததில்லை.

அன்றைக்கு அவள் வீட்டில் இல்லை. பரவையில் சின்னம்மா தவறிப்போன சேதி முந்தின நாள் மத்தியானம் வந்து, போனவள் அங்கேயே தங்கும்படி ஆகிவிட்டது. காலையில் பிணத்தை எடுத்து முடித்து, பஸ் மாறி மாறி ஊர் வந்து சேரும்போது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. அதற்குள் முத்துக்கருப்பன் போனில் கூப்பிட்டு ஒருபாடு ஏசியிருந்தான். செடி நிறைய மொட்டு நின்றதாம், வீடு பூட்டிக் கிடந்ததாம், ஒரு நாள் பூ போன கணக்கைப் பாக்கியில் ஏற்றப் போகிறானாம். சாவு வீட்டுக்குப் போய் வந்தவள் தலைக்கு ஊற்றாமல் செடிப்பக்கம் போகக்கூடாது. பின்வாசலில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, ஈரத்தலையோடு உள்ளே போய்ப் படுத்தவள் அப்படியே அசந்துவிட்டாள்.

எழுப்பியது வாசம்தான். கூடையிலும் மூட்டையிலும் அவளுக்குத் தெரிந்த வாசம் வேறு, பச்சையாக, காம்பு நெடியோடு இருக்கும். இது அப்படி இல்லை. பக்கத்து வீட்டில் யாரோ கல்யாணத்துக்குக் கிளம்புகிறார்கள் என்று நினைத்தாள். எழுந்து கதவை உதைத்துத் திறந்தாள்.

வேலி ஓரமெல்லாம் யாரோ சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றிவிட்டுப் போயிருந்தார்கள். முதலில் அவள் நினைத்தது அதைத்தான். செடியெல்லாம் போச்சே என்று ஓடிப்போய்க் கிளையைப் பிடித்துத் திருப்பினாள். சுண்ணாம்பு இல்லை. பூ. இலை தெரியாத பூ. அடிக்கிளையில், நுனியில், வேலிக்கம்புக்கு அந்தப் பக்கம், அவள் ஒரு மொட்டு விடாமல் கிள்ளிக் கிள்ளி எடுத்த இடத்தில் எல்லாம் வாயைத் திறந்துகொண்டு பூ.

இம்புட்டுத் தப்பா என்றுதான் அவளுக்குத் தோன்றியது. முத்துக்கருப்பன் சாயங்காலம் வருகிறேன் என்று சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவன் பார்ப்பதற்குள் எடுத்து மறைத்துவிட வேண்டும் என்று கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முதல் செடியில் கை வைத்தாள். விரலுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மொட்டு என்றால் கிள்ளின உடனே காம்போடு வந்துவிடும். இது தொட்டதும் காம்பைச் செடியிலேயே விட்டுவிட்டுக் கழன்று, எடையே இல்லாமல் உள்ளங்கையில் உட்கார்ந்தது. காலமெல்லாம் பூ எடுத்த கைக்குப் பூவைப் பிடிக்கத் தெரியவில்லை.

முகத்துக்கு நேராக ஒரு மொட்டு நுனி மட்டும் பிரிந்து நின்றது. இது ஒன்றாவது தேறட்டும் என்று நினைத்து, முதலில் தொட்டித் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். வந்து பார்த்தால் அது விரிந்து கிடந்தது. சுற்றிலும் ஆள் இல்லை, யாரும் தொடவில்லை. அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டுத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழவில்லை. எங்கிருந்தோ ஒரு தடித்த பூச்சி வந்து, உட்காராமல் பறந்தபடியே பூப்பூவாக வாயை வைத்துக்கொண்டு போனது. இந்தப் பூச்சி தினமும் வந்துதான் போயிருக்கும், மொட்டைச் செடியைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கும் என்று நினைத்தபோது, யாரிடமோ பட்ட கடன் போல அவளுக்கு மனசு சங்கடப்பட்டது.

எக்ஸெல் சத்தம் வந்து நின்றது. முத்துக்கருப்பன் இறங்கவில்லை. காலை ஊன்றியபடி வேலியைப் பார்த்தான். அவன் அப்பன் காலத்திலிருந்து பூ ஏவாரம். ஆனால் அவனும் பூவை மூட்டையில்தான் பார்த்திருந்தான் போல. வாயில் வந்தது என்னவோ ஏவாரப் பேச்சுத்தான்.

"என்னக்கா இப்பிடி விட்டுட்ட. மலந்த பூவ மார்க்கெட்டுக்குள்ள கொண்டுபோனா என்னயத் தராசோட தூக்கி வெளிய எறிஞ்சிருவாங்க."

இன்றைக்குப் போனது போகட்டும், கணக்கில் ஏற்றிக்கொள்கிறேன், நாளைக்கு வெள்ளென எடுத்து வை என்று சொல்லிவிட்டு அவன் வண்டியைத் திருப்பினான்.

"நாளைக்கும் எடுக்கல," என்றாள் மலையம்மாள்.

சொன்னது தான்தானா என்று அவளுக்கே திக்கென்றது.

"ஏன், கைக்கு என்ன?"

"கைக்கு ஒண்ணுமில்ல. பாக்கணும்."

"எதப் பாக்கணும்?"

"இதத்தேன்."

முத்துக்கருப்பன் அவள் காட்டிய பக்கம் பார்த்தான். செடிக்குப் பின்னால் வேறு ஏதாவது இருக்கிறதா என்று எட்டியும் பார்த்தான். சாவு வீட்டில் எதையும் கண்டு பயந்துவிட்டாளோ என்றுகூட அவனுக்குத் தோன்றியிருக்கும், குரலைத் தணித்துக்கொண்டு பேசினான். பார்த்துக்கொண்டிருப்பதற்கு நீ என்ன பங்களாக்காரியா என்றான். பூ வராது என்றால் பேச்சு முறிந்தது, முறிந்தால் பணத்தை இப்போதே எண்ணி வைக்க வேண்டும் என்றான். வைக்க முடியாது என்று தெரிந்துதான் சொன்னான்.

பின்னால் வேம்படியில் கட்டியிருந்த ஆட்டுக்கிடா அந்த நேரம் பார்த்துக் கத்தியது.

பால் மறந்த குட்டியாக வாங்கி வந்து சோலை வளர்த்த கிடா அது. குவாரியிலிருந்து வரும் வழியில் அகத்தி, வாகை என்று கிடைத்த குழையை எல்லாம் ஒடித்துக்கொண்டு வந்து, கையால் ஊட்டி வளர்த்தது. வைகாசியில் அதை மேலூர் சந்தையில் விற்று, கூடக் கொஞ்சம் போட்டுப் பழைய எக்ஸெல் ஒன்று வாங்குவது என்று அவன் நாள் வைத்திருந்தான். குவாரி லாரி அவனை மெயின் ரோட்டோடு இறக்கிவிட்டுவிடும், அங்கிருந்து நடை. முழங்கால் இரண்டும் ராத்திரியில் அவனைத் தூங்க விடுவதில்லை. இது எல்லாம் மலையம்மாளுக்குத் தெரியும். தெரிந்துதான் வாய் திறந்தாள்.

"கெடாவப் பிடிச்சுக்க."

முத்துக்கருப்பன் இறங்கி வந்து கிடாவின் முதுகை அமுக்கினான், முன்னங்காலைப் பிடித்துத் தூக்கினான், எட்டரை ஆயிரத்துக்கு மேல் போகாது என்றான். மேலூர் ஏவாரி பத்து சொல்லிவிட்டுப் போனதாக அவள் சொன்னாள். கடைசியில் பாக்கிக்கும் கிடாவுக்கும் சரியாகப் போய்விட்டது என்று முடித்து, அவிழ்த்துக்கொண்டு போய் எக்ஸெல்லில் கால் வைக்கிற இடத்தில் படுக்க வைத்து, கயிற்றை ஹேண்டில்பாரில் சுற்றிக்கொண்டான். இவ்வளவும் ஒரு கெட்ட கனவு ஓடுகிற மாதிரி அவள் கண் முன்னால் ஓடியது. வண்டி போய்விட்டது. அதற்குப் பிறகுதான் அவள் வேம்படியைப் பார்த்தாள். கிடாவைக் கட்ட அடித்த முளை மட்டும் நின்றது.

திரும்பப் போய்த் துவைகல்லில் உட்கார்ந்தாள். பூவைப் பார்த்தாள். பூ பாட்டுக்குப் பூவாக இருந்தது. என்ன காரியம் செய்தேன் என்று நினைத்தாள். ஆனால் எழுந்து போய் வண்டியைக் கூப்பிடவும் கால் வரவில்லை.

தெருமுனையில் சத்தம் கேட்டது. குவாரியில் மிஷின் நின்றுபோய், ஆட்களைச் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? நடந்து வந்த சோலைக்கு எதிரே அவனுடைய கிடா எக்ஸெல்லில் வந்திருக்கிறது. சோத்துத் தூக்கை ரோட்டில் எறிந்துவிட்டுப் பாய்ந்து வண்டியை மறித்திருக்கிறான். இப்போது ஒரு கையில் கிடாவின் கயிறும் மறு கையில் முத்துக்கருப்பனின் சட்டையுமாக இழுத்துக்கொண்டு வந்தான். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த முத்துக்கருப்பனுக்கு மேல் பொத்தான் இரண்டைக் காணவில்லை.

"மாமா, களவெல்லாம் இல்ல மாமா. அக்காட்டயே கேளுங்க."

"களவு இல்லாமயா கயித்தோட கொண்டுபோற?"

அது நியாயமான கேள்விதான். அந்தப் பக்கத்தில் ஆடு மாடு விற்றால் கயிற்றை அவிழ்த்து வீட்டில் வைத்துக்கொள்வார்கள். வாங்குகிறவன் தன் கயிற்றைப் போட்டு ஓட்டிக்கொண்டு போவான். பழைய கயிற்றோடு போகிற ஆடு விற்ற ஆடு இல்லை. மலையம்மாளுக்கு இருந்த மலைப்பில் கயிறு நினைவே வரவில்லை. முத்துக்கருப்பனுக்கு நினைவு வந்திருந்தாலும் அவன் வாயைத் திறந்திருக்க மாட்டான், கயிறும் ஒரு காசுதானே.

சோலை அவளைப் பார்த்தான். கல்தூசி படிந்து தலை, புருவம், மீசை எல்லாம் வெளுத்து, கண் மட்டும் சிவப்பாக இருந்தது. அவள் எழுந்து நின்றாள். கடனுக்குக் கொடுத்தேன் என்றாள். எந்தக் கடனுக்கு, அதுதான் பூவில் கழிகிறதே என்றான். இனிமேல் பூ எடுக்கப் போவதில்லை என்றாள். ஏன் என்றான். முத்துக்கருப்பன்தான் சொன்னான்.

"பூப் பாக்கணுமாம். கதவுக்குக் கடன் வாங்கினீக. இப்பக் கதவுக்கு வெளிய உக்காந்து பாக்குறதுக்குக் கெடாவ விக்கிறீக. நல்ல குடும்பம் மாமா."

அதற்குப் பிறகுதான் சோலை திரும்பினான். திரும்பியவன் அப்படியே நின்றான். விடியுமுன் போய் இருட்டில் வருகிறவன், தன் வீட்டைச் சுற்றி இலையைத் தவிர எதையும் பார்த்திராதவன். வேலியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகத் தலையைத் திருப்பிப் பார்த்தான். சட்டையைப் பிடித்திருந்த கை தானாக விட்டுவிட்டது.

"இம்புட்டுமா தெனமும் கிள்ளுன?"

"இம்புட்டும்," என்றாள்.

கயிறு தளர்ந்ததைக் கண்டுகொண்ட கிடா வேலிப்பக்கம் போய், வாயகலத்துக்கு ஒரு கொத்தைப் பூவோடும் இலையோடும் இழுத்து மென்றது. மறு வாய்க்கு எட்டியபோது சோலை அதன் முகத்தில் பட்டென்று அறைந்தான்.

குட்டியில் வந்ததிலிருந்து ஒரு சுள்ளியால்கூட அதை அடித்ததில்லை அவன். கிடா மிரண்டு நாலு காலையும் ஊன்றி நின்று அவனைப் பார்த்தது. அவனும் தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அடி தன் மேல் விழுந்தது போல மலையம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குத்த வைத்தான். கிடாவின் கழுத்தைத் தடவிக் கொடுத்தான். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தான்.

"ஒங் கயிறப் போடு மாப்ள."

முத்துக்கருப்பனிடம் கயிறு இல்லை. பூ மூட்டை கட்டும் சணலை நாலு மடிப்பாக முறுக்கிக் கிடாவின் கழுத்தில் போட்டான். சோலை சுண்டிப் பார்த்து, இன்னொரு முடிச்சுப் போடச் சொன்னான்.

"கணக்குத் தீந்துச்சா?"

"தீந்துச்சு மாமா. இனி ஒங்களுக்கும் எனக்கும் ஒண்ணும் இல்ல."

"அக்காகிட்டச் சொல்லு. வாங்குனது அவ."

"தீந்துச்சுக்கா," என்றான் முத்துக்கருப்பன், அவள் முகத்தைப் பார்க்காமல் பூவைப் பார்த்துக்கொண்டே.

எக்ஸெல் கிளம்பியது. கிடா தெருமுனை திரும்புகிறவரை கத்திக்கொண்டே போனது. சோலை நொண்டிக்கொண்டே போய், உப்பின கதவின் கொண்டியில் கயிற்றை மாட்டினான். தூக்குச்சட்டி ரோட்டில் கிடக்கிறதே, எடுத்து வரவா என்று மலையம்மாள் கேட்டாள். கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டு, துவைகல்லில் அவளை ஓரமாக நகரச் சொல்லி அவன் உட்கார்ந்தான்.