பெரிய ரோலர் கோஸ்டருக்கு எத்தனை புள்ளி

சின்ன ரோலர் கோஸ்டரின் கம்பி மடிக்கு மேலே இறங்கி 'டக்' என்று பூட்டிக்கொண்டபோதே மசூர் ஓதத் தொடங்கிவிட்டான். இத்தனைக்கும் அது சின்னப் பிள்ளைகளுக்கென்று செய்த சாமான். முன்பக்கத்தில் சிரித்த முகத்தோடு ஒரு கம்பளிப்பூச்சி, அதற்கு இரண்டு மஞ்சள் கொம்பு. முன் ஆசனத்தில் இருந்த சிங்களப் பிள்ளையொன்று ஐஸ்பழம் சூப்பிக்கொண்டே வந்தது. கல்முனைக் கடைத்தெருவில் வயரும் பைப்பும் விற்கிற, நாற்பது தாண்டிய, தாடி வைத்த மனிதர் ஒருவர் அந்தக் கம்பளிப்பூச்சிக்குள் கண்ணை இறுக்கிப் பொத்திக்கொண்டு பயம் போக ஓதுகிற ஆயத்துல் குர்ஸியை ஓதியபடி சுற்றி வந்தார் என்று சொன்னால் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். நம்பாமல் இருப்பதற்கு வேண்டிய அளவு அவனே தன் துணிச்சலைப் பற்றி ஊரெல்லாம் கதைத்து வைத்திருந்தான்.

இறங்கியதும் மகள் அப்னா தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டு தீர்ப்புச் சொன்னாள். "இதுக்குப் பத்துக்கு மூணு வாப்பா. பாவம் எண்டு போட்ட மூணு."

"மூணு கூடிப்போச்சு மகள்," என்றான் மசூர், தூண் ஒன்றில் சாய்ந்துகொண்டு. "நான் நித்திர கொண்டுட்டன்."

அவள் சிரித்தாள். பதினொரு வயது. ஒரு வருடமாக அவளுக்கு இதுதான் பைத்தியம். மற்றப் பிள்ளைகள் போனில் பாட்டும் கூத்தும் பார்க்க, இவள் உலகத்தில் எங்கெங்கே என்னென்ன ரோலர் கோஸ்டர் உண்டு, எது உயரம், எது வேகம், எது தலைகீழாக எத்தனை தரம் சுற்றும் என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். ஜப்பானில் ஒன்றுக்கு எட்டு, துபாய்ப் பக்கத்தில் ஒன்றுக்கு ஒன்பது. கடையைப் பூட்டிவிட்டு வந்த மசூர் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு அவளோடு சேர்ந்து புள்ளி போடுவான். மரத்தால் செய்தது நல்லதா, இரும்பால் செய்தது நல்லதா என்று வாப்பாவும் மகளும் வாதாடுவதைக் கேட்டு அவன் மனைவி ஜெஸீமா தலையில் அடித்துக்கொள்வாள். "நாம ரெண்டு பேரும் ஒரு நாளைக்கு ஏறுவம். கையத் தூக்கிட்டு ஏறுவம். கண்ணயும் மூடுறல்ல," என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லி வைத்தவன் அவன்தான். மெத்தையில் சாய்ந்துகொண்டு சொல்வதற்கு என்ன காசா பணமா?

அந்த ஒரு நாள் இப்படி வந்து விழும் என்று அவன் கண்டானா. ஜெஸீமாவின் தங்கையைப் போன மாதம் கலியாணம் முடித்த அஸ்கி, கத்தாரில் எஞ்சினியர், பெருநாள் லீவுக்கு வந்தவன், மாமனார் வீட்டுச் சனத்தையெல்லாம் ஒரு பஸ்ஸில் ஏற்றிக் கொழும்புப் பக்கத்துப் பூங்காவுக்குக் கொண்டுபோகப் புறப்பட்டுவிட்டான். அந்த வீட்டில் பதின்மூன்று வருடமாக ஒரே மருமகனாக ராஜாங்கம் பண்ணியவன் மசூர். இப்போது வாசலில் இன்னொரு சோடி செருப்பு. காலையில் அஸ்கி நல்ல மனதோடு, அண்ணன் முறைக்குக் காக்கா என்று கூப்பிட்டுத்தான் கேட்டான், "நானும் இன்ஷாப் மச்சானும் பெரிசுல ஏறப்போறம் காக்கா. அப்னாவையும் கூட்டிப் போகட்டா? சின்னாக்கள் பெரியாள் ஒருத்தரோடதான் ஏறலாமாம்." மசூருக்குச் சுருக்கென்றது. "என்ட மகள நான் கூட்டிப் போவன்," என்றான். எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னான்.

சொன்னதோடு விட்டானா? அதுவுமில்லை. பகல் சாப்பாட்டுக்கு முன் பூங்காவின் தொழுகை அறையில் எல்லோரும் கூடினார்கள். பிரயாணிகளுக்குச் சலுகை உண்டு. நண்பகல் தொழுகையான லுஹரையும் பின்னேரத் தொழுகையான அஸரையும் ஒன்றாகச் சேர்த்து, நாலு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழுதுகொள்ளலாம். "மச்சான், நீங்க முன்னுக்கு நில்லுங்க," என்று மைத்துனன் இன்ஷாப் தள்ளிவிட, மசூர்தான் தொழுவித்தான். முதலில் லுஹர், ஸலாம் கொடுத்ததும் எழுந்து அஸர். ஆண்கள் பின்னால் இரண்டு வரிசை, அவர்களுக்குப் பின்னால் பெண்கள். "ரெண்டும் முடிஞ்சி. இனி மஃரிப் வரைக்கும் ஒருத்தருக்கும் சாட்டு இல்ல, விளையாடுங்க," என்று திரும்பிப் பார்த்துச் சொன்னவனும் அவனே.

பின்னேரம் பெரியதுக்கு வரிசை பிடித்தார்கள். அஸ்கியும் இன்ஷாப்பும் முன்னமே ஏறி இறங்கிவிட்டு, மற்றவர்களோடு நீச்சல் குளத்தில் கிடந்தார்கள். வாப்பாவும் மகளும் மட்டும் இரும்புக் கம்பிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிற வரிசையில் அடியடியாக நகர்ந்தார்கள். தலைக்கு மேலே தண்டவாளம். ஒவ்வொரு முறையும் வண்டி மேலேறும்போது 'டக் டக் டக்' என்று ஒரு சத்தம். உச்சியில் ஒரு கணம் ஒன்றுமே இல்லை. பிறகு கூட்டமாக ஓர் அலறல் வந்து, தண்டவாளம் அதிர்ந்து, அந்த அதிர்வு வரிசைக் கம்பியில் வைத்திருந்த மசூரின் கைக்குள் இறங்கியது. அப்னா அவனுக்கு விளக்கிக்கொண்டே வந்தாள். அவளுடைய கண் வேறெங்கும் போகவில்லை. "பாருங்க வாப்பா, அந்த வட்டம்! அதுக்குள்ள போகக்குள்ளதான் ஒடம்புல பாரமே இல்லாம இரிக்குமாம்." அவன் "ஓம், ஓம்" என்றான். இறங்கி வந்த இளைஞன் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிப்போய்ப் பூவரசங் கன்று ஒன்றுக்குப் பக்கத்தில் குந்தினான். அதைப் பார்த்தபிறகு மசூருக்கு வரிசையின் பின்பக்கம்தான் கண்ணில் பட்டது.

அவர்களுக்கு முன்னால் இருந்தவர்களோடு ஒரு வண்டி புறப்பட்டுப் போனது. அடுத்தது அவர்களுடையது. ஏறுமிடத்துப் படலையில் ஆட்களை உள்ளே விட்டுக்கொண்டு நின்ற பொடியன் அப்னாவைப் பார்த்து, மசூரைப் பார்த்து, சிங்களத்தில், "தாத்தாவும் போறீங்கதானே?" என்று கேட்டான். சிங்களத்தில் தாத்தா என்றால் வாப்பா. அப்னா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய உள்ளங்கை வியர்த்திருந்தது, ஆனால் அது சந்தோசத்து வியர்வை.

"மகள்," என்றான் மசூர். "அஸருக்கு நேரமாயிட்டு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"தொழுக தவறிப் போயிரும் மகள். தொழுதுட்டு வந்து ஏறுவம். என்ன?"

அந்தப் பார்வையில் கோபம் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் ரீச்சர் கரும்பலகையில் கணக்கைப் பிழையாக எழுதும்போது பிள்ளைகள் பார்ப்பார்களே, சொல்லுவதா விடுவதா என்று, அப்படி ஒரு பார்வை. பிறகு கையை விட்டாள். "ஓம் வாப்பா," என்றாள். "வாங்க போவம்."

வரிசையில் முன்னால் போவதற்கு வழி உண்டு, திரும்பி வருவதற்கு இல்லை. வந்த வளைவெல்லாம் திரும்ப வளைந்து, ஒவ்வொருவரிடமும் "எக்ஸ்கியூஸ், எக்ஸ்கியூஸ்" என்று விலக்கிக்கொண்டு போகவேண்டியிருந்தது. சனம் வயிற்றை எக்கி வழி விட்டது. யாரோ சிரித்தார்கள். பிள்ளை பயந்துவிட்டது என்று ஒரு பெண் சிங்களத்தில் இரக்கப்பட்டு அப்னாவின் கன்னத்தைத் தொட்டாள். அப்னா அதையும் வாங்கிக்கொண்டு நடந்தாள்.

அவளை ஓரமாகக் கிடந்த மர வாங்கு ஒன்றில் இருத்திவிட்டு மசூர் தொழுகை அறைக்குப் போனான். போகாமல் என்ன செய்வது, சொல்லியாயிற்றே. வுழுச் செய்தான். முகத்தில் பட்ட தண்ணீர் நிம்மதியாக இருந்தது. பாயில் ஏறி, கிப்லாவைப் பார்த்து, அஸருடைய பர்ளைத் தொழுகிறேன் என்று நிய்யத்து வைத்து, இரண்டு கையையும் காதுவரை தூக்கினான்.

தூக்கிய கை அங்கேயே நின்றுவிட்டது.

அஸர் ஏது? அஸரைத்தான் பகலே தொழுதாயிற்றே! இதே பாயில், இதே இடத்தில் முன்னுக்கு நின்று தொழுவித்தவன் அவன்தானே. பின்னால் பெண்கள் வரிசையில் வெள்ளைத் தொழுகைச் சட்டையோடு கடைசியில் நின்றவள் அப்னா. "இனி ஒருத்தருக்கும் சாட்டு இல்ல" என்று அவன் சொன்னபோது சிரித்தவளும் அவள்தான். யா அல்லாஹ்! பயத்தில் பொய் சொல்பவன் உலகத்தில் எத்தனையோ பேர். வயிற்றுவலி என்கலாம், தலைசுற்று என்கலாம், மாரடைப்பென்றுகூடச் சொல்லித் தொலைக்கலாம். போயும் போயும் தொழுகையையா இழுத்துப் போட்டுக்கொண்டு ஒளிந்தான்? அதுவும் முடித்துவிட்ட தொழுகையை? அறிந்துகொண்டே அந்தப் பிள்ளை "ஓம் வாப்பா" என்று சொல்லியிருக்கிறது.

கதவைத் திறந்துகொண்டு முன்பின் தெரியாத வாலிபன் ஒருவன் வந்தான். முழங்கைவரை தண்ணீர் சொட்டியது. "அஸரா காக்கா? நல்லதாப் போச்சு, ஜமாஅத்தாவே தொழுவம். நீங்க முன்னுக்கு நில்லுங்க," என்று சொல்லி அவனுக்குப் பின்னால் வந்து நின்றும்விட்டான்.

"நான் தொழுதுட்டன் தம்பி," என்றான் மசூர்.

வாலிபன் அவனையும் பாயையும் ஒருமுறை பார்த்தான். மசூர் விலகிப்போய்ச் செருப்பைத் தேடினான். அன்றைக்கு அவன் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை, அதுவும் யாரோ ஒருவனிடம்.

திரும்பி வந்தபோது அப்னா வாங்கில் அப்படியே இருந்தாள். கழுத்தை நிமிர்த்தி, மேலே போகிற வண்டியோடு சேர்ந்து தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசை முன்னையைவிட நீண்டிருந்தது.

"வா மகள், இப்ப ஏறுவம்," என்றான். சொல்லும்போதே குரல் இறங்கிப்போனது.

"நேரம் போயிட்டு வாப்பா. பஸ்ஸடிக்கு வரச் சென்னாங்கதானே." அவள் எழுந்து பாவாடையில் ஒட்டிய தூசைத் தட்டினாள். "பரவால்ல. கீழ இருந்தும் நல்லாத் தெரிஞ்ச."

அல்ஹம்துலில்லாஹ் என்று மனதுக்குள் வந்துவிட்டது. எதற்காக அல்லாஹ்வைப் புகழ்ந்தோம் என்று மறுகணம் உறைத்தபோது, பூமி பிளந்து தன்னை விழுங்கினால் நல்லது என்று இருந்தது மசூருக்கு.

பஸ் புறப்பட்டு, பொரித்த கச்சான் கடலைப் பொட்டலங்கள் கைமாறத் தொடங்கியதும் பேச்சும் தொடங்கியது. எந்தக் கோஸ்டர் நல்லது? சின்னதா பெரியதா? இன்ஷாப் வழியை மறித்து நின்றுகொண்டு ஒவ்வொருவரிடமும் புள்ளி வாங்கினான். சின்னதுக்குப் பத்துக்குப் பத்து என்றார் மாமி, நாரியும் முதுகும் பிடிக்கவில்லையாம். பெரியதில் தான் கத்திய கத்தில் தொண்டை போய்விட்டது என்று அஸ்கி ஒளிக்காமல் சொன்னான். கத்தாரிலிருந்து வந்த எஞ்சினியர், புதுப் பெண்சாதி பக்கத்தில் இருக்கச் சொல்கிறான்! எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். மசூர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுல பெரிய நீதவான் நம்மட அப்னாதான்," என்றான் இன்ஷாப். "சொல்லுகா, பெரிசுக்கு எத்தின?"

மசூர் யன்னலிலிருந்து திரும்பினான்.

"ஒம்பது," என்றாள் அப்னா.

"ஏன் ஒண்டு கொறச்ச?"

"கெதியா முடிஞ்சிட்டு மாமா."

"வாப்பா கத்தினாரா? உண்மையச் சொல்லு!"

"இல்ல. வாப்பா கையத் தூக்கிட்டு இருந்த. கண்ணயும் மூடல்ல."

பஸ்ஸில் ஒரு 'ஓ' எழுந்தது. "மாஷா அல்லாஹ்! காக்கா, நீங்க பெரிய ஆள்தான்," என்று அஸ்கி மனதாரச் சொன்னான். முன் ஆசனத்திலிருந்து ஜெஸீமா திரும்பிப் பார்த்தாள். கலியாணமான புதிதில் பார்த்த பார்வை அது, எந்தக் காலமோ. இப்போது சொல்லிவிடலாம். நான் ஏறவில்லை, பயந்துவிட்டேன் என்று இரண்டு சொல். அஸ்கி சொன்னதைவிட அது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. மசூர் வாயைத் திறந்தான்.

"அது ஒண்டும் பெரிய விசயமில்ல," என்றான்.

"அந்த வட்டம் முடிஞ்ச ஒடன ஒண்டு வருமே மச்சான்," என்று இன்ஷாப் ஆசனத்தைப் பிடித்துக் குனிந்தான். "அதுலதான் என்ட உசிர் போன. ஒங்களுக்கு எப்பிடி?"

மசூர் விழித்தான். வட்டம் முடிந்தால் என்ன வரும்? கண்ணுக்குள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிய அந்த இளைஞன்தான் வந்தான்.

"வாப்பாக்குத் தல வலிக்கிது மாமா. விடுங்க," என்றாள் அப்னா. எழுந்து வந்து, உம்மாவின் பைகளை ஒதுக்கி, வாப்பாவின் பக்கத்தில் இருந்துகொண்டாள். இன்ஷாப் அடுத்த ஆளிடம் போனான்.

வெளியே மஃரிபுக்கு முந்திய மங்கல். ரோட்டோரத்துக் கடைகளில் லைட் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மகள்..." என்றான் மசூர்.

"மெதுவாக் கதைங்க வாப்பா." அவள் அவன் காதோடு சாய்ந்தாள். "அஸருக்குப் போன எண்டு மட்டும் ஆருக்கும் சென்னிராதீங்க. எல்லாரும் ஒங்களுக்குப் பின்னாலதானே தொழுத."

மன்னித்துக்கொள் என்று மகளிடம் கேட்க வாப்பாமாருக்கு யார் பழக்கியிருக்கிறார்கள்? தலையை மட்டும் ஆட்டினான்.

அவள் அவனுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்துவிட்டாள்.

"ஊருக்குப் போனா கடைக்கு வாற ஆக்களும் கேப்பாங்க. அதுக்குத்தான். நல்லாப் பாத்துக்கங்க." மணிக்கட்டிலிருந்து அவள் விரல் மேலே ஏறியது. "மொதல்ல ஏத்தம். டக் டக் எண்டு சத்தம் வரும். உச்சிக்குப் போனா ஒரு வெள்ளத் தண்ணித் தாங்கி தெரியும், எறங்கி வந்தாக்கள் கதைச்சாங்க, அத மறக்காமச் சொல்லுங்க, அப்பதான் நம்புவாங்க. மறுகா விழும். விழுந்த ஒடன வட்டம். வட்டம் முடிஞ்சா எடது பக்கம் படுத்தாப்போல ஒரு வளைவு, மாமா கேட்டது அதத்தான். மறுகா ரெண்டு சின்ன மேடு. அவ்வளவுதான். இப்ப நீங்க சொல்லுங்க."

"மொதல்ல ஏத்தம்," என்றான் மசூர். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"ம்."

"டக் டக் எண்டு சத்தம் வரும். உச்சியில... வெள்ளத் தண்ணித் தாங்கி."

"ம். மறுகா?"

அவளுடைய விரல் அவன் உள்ளங்கையின் நடுவில், விழப்போகிற இடத்தில், காத்துக்கொண்டு நின்றது.