பதினான்காம் வாக்கியம்

பிலிப்பைன்ஸின் செபு நகரத்து கால் சென்டர் ஒன்றின் பயிற்சி அறை. மேசை நடுவே மெர்லிண்டா கொண்டுவந்த சாக்லேட் பெட்டி பாதி காலியாகியிருந்தது. துபாயிலிருந்து கணவன் நெஸ்டர் அனுப்பியது என்று மாதாமாதம் கொண்டுவருவாள்.

புதிதாகப் பயிற்சியாளர் ஆகியிருந்த டெல்ஃபினா கையேட்டை ஆளுக்கொன்று கொடுத்தாள். ஆங்கில மரபுத்தொடர்கள், பொருள், எடுத்துக்காட்டு. தொகுப்பு: டெல்ஃபினா.

மெர்லிண்டா முதல் பக்கத்தைப் புரட்டினாள். 'கிவ் அப்': கைவிடுதல். 'என் அம்மா நாற்பது வயதில் பாடுவதைக் கைவிட்டாள்.'

அது மெர்லிண்டாவின் அம்மா.

சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் எழுதினால்தான் தொடர் மனதில் நிற்கும் என்று நீல நோட்டு நிறைய எழுதிவைத்திருந்தாள். பதவி உயர்வுத் தேர்வுக்கு முன்னால் அதை இரவல் வாங்கியவள் டெல்ஃபினா. படித்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு அழுதவளும் டெல்ஃபினாதான். நெஸ்டர் இன்னொருத்தியோடு போய்விட்டது இங்கே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

இடைவேளையில் மெர்லிண்டா அவளை ஜன்னலோரம் நிறுத்தினாள்.

"பேரையெல்லாம் மாத்திட்டேன்டி. யாருக்கும் தெரியாது," என்றாள் டெல்ஃபினா, அவள் கேட்பதற்கு முன்பே.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

அன்று தன் தோளை நனைத்த கண்ணீர் யாருக்காக வந்தது என்று மெர்லிண்டா யோசித்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி வகுப்பு. பதினான்காவது தொடரை வாசிப்பது கூடப் பயிலும் ரோடெல். 'கீப் அப் அப்பியரன்சஸ்': உள்ளே இடிந்து கிடந்தாலும் வெளியே குறையில்லாததுபோல் காட்டிக்கொள்ளுதல். அவன் சாக்லேட்டை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு வாசித்தான்:

'கணவன் கைவிட்ட பிறகும், அவன் அனுப்பியதாகச் சொல்லி மரியா மாதாமாதம் சோப்பு வாங்கி எல்லோருக்கும் கொடுத்தாள்.'

"அடக் கடவுளே! புருஷன் போனாலும் சோப்பு வந்துச்சே, மேடம். ஊரே மணத்திருக்கும்!"

அறை சிரித்தது. டெல்ஃபினாவும் சிரித்தாள்; கூடவே மெர்லிண்டாவைப் பார்த்து இலேசாகக் கண்ணை மூடித் திறந்தாள். பேசாமல் இரு, நீ பத்திரமாக இருக்கிறாய் என்பதுபோல.

பேசாமல் இருக்கலாம்தான். அடுத்த மாதமும் கடைக்குப் போகலாம், விலைச்சீட்டை நகத்தால் சுரண்டி எடுக்கலாம். ஆனால் எந்த வாக்கியத்தை எழுத அவளுக்கு ஒரு வருடம் ஆனதோ, அதை இப்போது இருபது பேர் மென்றுகொண்டிருந்தார்கள். அதுவும் அவள் எழுதியபடிகூட இல்லை.

மெர்லிண்டா எழுந்து நின்றாள்.

"மேடம், பதினாலாவதுல ஒரு தப்பு இருக்கு."

"அப்புறம் பாக்கலாம், உக்காரு," என்றாள் டெல்ஃபினா அவசரமாக.

"சோப்பு இல்ல, மேடம். சாக்லேட்."

ரோடெலின் வாய் அசைவது நின்றது.