மூஞ்சி கழுவுற சீன்

அந்தப் படத்த நான் நூறு தடவையாவது பாத்திருப்பேன். சர்க்கஸ் படம், சின்னப் புள்ளைங்க பாக்கிற படம். இந்தியாவுல எங்கயோ எடுத்து தமிழ்ல டப்பிங் பண்ணினது. கொஸ்லந்த டவுன்ல போன் கடை வச்சிருக்கிற ஹபீஸ் நானாதான் பென்டிரைவ்ல ஏத்திக் குடுத்தாரு. யானை தண்ணி பீச்சியடிச்சு கோமாளி குப்புற விழுவாரு பாருங்க, அந்த எடத்தோட டீவிய நிப்பாட்டிருவேன். "படம் முடிஞ்சிருச்சு, போய்ப் படி"ன்னு சொல்லிருவேன். என் மக லதுஷா அதுதான் முடிவுன்னு நம்பிக்கிட்டிருந்தா.

அது முடிவு இல்ல. அதுக்கப்பறம் கோமாளி கண்ணாடி முன்னால உக்காந்து மூஞ்சியில இருக்கிற சாயத்தக் கழுவுவாரு. அந்த மூஞ்சிய எம்மக பாக்கவே கூடாது. ஏன்னா அந்த ஆளத்தான் அவ தன்னோட அப்பான்னு நெனச்சுக்கிட்டிருக்கா.

ஏன்டி புள்ளகிட்ட இப்பிடி ஒரு பொய்யச் சொன்னன்னு கேப்பீங்க. கேளுங்க, கேக்க ஆளா இல்ல. ஏழு வருசத்துக்கு முந்தி நாங்க இருந்த தோட்டத்து லய வீடுங்க மேல மலை மண்ணு சரிஞ்சப்ப லதுஷாவுக்கு எட்டு மாசம். ஊசி போட அவளத் தூக்கிக்கிட்டு நான் கிளினிக்குக்குப் போயிருந்தேன். எம் புருசன் பார்த்தீபன் மட்டும் வீட்டுல நின்னாரு. ஆளும் கெடைக்கல. கல்யாண ஃபோட்டோ, ஐடென்டிட்டி கார்டு, போன், எல்லாம் அவரோடயே போயிருச்சு. மிஞ்சினது ஒரே ஒரு ஃபோட்டோ. அது லயத்துல அடுத்த காம்பரா வீட்டு இராக்கம்மா அக்கா போன்ல இருந்துச்சு, மாசியில தோட்டத்துல காமன் கூத்து ஆடுறப்ப எடுத்தது. அதுலயும் அந்த மனுசன் கோமாளி வேசம் கட்டியிருக்காரு. மூஞ்சி முழுக்க வெள்ளை, மூக்குல செவப்பு, பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறாரு. இப்பிடி ஆகும்னு தெரிஞ்சிருந்தா, "யோவ், மூஞ்சியக் கழுவிட்டு வாய்யா"ன்னு ஒரு ஃபோட்டோ புடிச்சு வச்சிருக்க மாட்டேனா?

அத ஸ்டூடியோவுல குடுத்துக் கழுவி, பிரேம் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டினேன். மாலை போட மனசு வரல. லதுஷாவுக்கு நாலு வயசா இருக்கிறப்ப ஒரு நாள், இந்தப் படம் பாத்துக்கிட்டிருந்தவ துள்ளி எந்திரிச்சா. "அம்மா, அப்பா! டீவில அப்பா!" அவ மூஞ்சியில இருந்த சந்தோசத்த நீங்க பாத்திருக்கணும். எம் பாழாப்போன வாய், "ஆமாடி, அப்பா சர்க்கஸ்ல வேல செய்றாரு"ன்னு சொல்லிருச்சு. அன்னையிலருந்து படம் பாத்து முடிய டீவிக்கு ஒரு முத்தம். மண்ணு சரிஞ்சதுக்கப்பறம் எங்களுக்குக் குடுத்த புது வீட்டுப் பக்கத்துல யாரும் அவகிட்ட மாத்திச் சொல்லல. எல்லா வீட்டுலயும் ஒரு ஆள் மண்ணுக்குள்ள கெடக்கு, யாரு வாயத் தொறப்பாங்க?

போன சிறுவர் தினத்தன்னைக்கு மலையில தேயிலைக் கொழுந்து எடுத்துக்கிட்டிருக்கேன். பக்கத்து நெரையில நின்ன இராக்கம்மா அக்கா, "ஏன்டி, இன்னைக்கு ஸ்கூல்ல ஒம் புருசன் படமாமே? லதுஷாதான் பென்டிரைவக் கொண்டுபோய்க் குடுத்திருக்காளாம்"ன்னு சிரிக்குது. கூடைய அப்பிடியே எறக்கி வச்சிட்டு ஓடுனேன். "இன்னைக்கு அரைப்பேருதான் போடுவேன், பாதிச் சம்பளந்தான்!"னு கங்காணி கத்துறாரு. "காப்பேரு போடுய்யா, போ!"ன்னேன்.

ஸ்கூல் ஹோல்ல ஜன்னலுக்கெல்லாம் துணி கட்டியிருக்கு. சுவத்துல படம் ஓடுது. யானை தண்ணியடிச்சு முடிஞ்சிருச்சு. வாசல்ல வாத்தியார் தர்மராசா சேர் நிக்கிறாரு, யாழ்ப்பாணத்து ஆளு, தங்கமான மனுசன்.

"சேர், படத்த நிப்பாட்டுங்க சேர்!"

"ஏன் பிள்ளை, என்ன நடந்தது? இன்னும் கொஞ்ச நேரம்தானே, நீங்களும் இருந்து பாருங்கோ."

வெளக்கம் சொல்ல எங்க நேரம்? கோமாளி கண்ணாடி முன்னால உக்காந்துட்டாரு. வெள்ளை வழிஞ்சு எறங்குது. உருண்ட மூஞ்சி, மொட்டைத் தலை, கன்னத்துல ஒரு மரு. எவனோ ஒருத்தன். எம்மக இப்ப கத்துவா, பொய்க்காரின்னு என்னையத் திட்டுவான்னு அவளையே பாத்துக்கிட்டு நிக்கிறேன்.

அவ பெஞ்சு மேல ஏறி நின்னா. "பாத்தீங்களாடி, எங்கப்பா மூஞ்சி! எங்கப்பா இப்பிடித்தான் இருப்பாரு!" புள்ளைங்கெல்லாம் கை தட்டுது.

ஐயோ, நான் ஒரு மடச்சி. வித்தியாசம் தெரிய அவ எப்ப அப்பன் மூஞ்சியப் பாத்தா? எட்டு மாசத்துப் புள்ளைக்கு என்னா ஞாபகம் இருக்கும்? எம் புருசன் எடத்துல எவனோ ஒரு மொட்டையன் வந்து உக்காந்துட்டான். அவரக் கொண்டுபோய் ரெண்டாந்தடவ பொதைச்சது நான்தான். அந்த வாசல்லயே உக்காந்து அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் கொப்பிய விரிச்சு வரைய ஆரம்பிச்சா. மொட்டைத் தலை வரைஞ்சா. மருவையும் வச்சா. அதுக்கு மேல என்னால தாங்க முடியல.

"அது அப்பா இல்லடி தங்கம். அம்மா பொய் சொல்லிட்டேன். ஒங்கப்பா மண்ணுக்குள்ள இருக்காரு."

என்னையவே பாத்தா. செவுத்து ஃபோட்டோவப் பாத்தா. அப்பறம் ரப்பர எடுத்து அந்த மூஞ்சிய அழிச்சா. கன்னத்துல தண்ணி ஓடுது, அழிக்கிறத மட்டும் நிப்பாட்டல. தாள் கிழியப் போற நேரத்துல பென்சில எடுத்தா.

"அப்ப அப்பா மூஞ்சி எப்பிடிம்மா இருக்கும்? சொல்லு, வரையிறேன்."

"நல்ல கறுப்பு. சுருட்ட முடி. இடது புருவத்துல, தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி பட்ட தழும்பு."

முடிய வரைஞ்சா. தழும்பு போட்டா. "மூக்கு?"

கண்ண மூடினேன். செவப்பா ஒரு மூக்குதான் வந்துச்சு. வாயத் தேடுனேன், அதுலயும் சாயம். ஏழு வருசமா அந்த ஒரு ஃபோட்டோவையே பாத்துப் பாத்து என் கண்ணுக்குள்ளயும் அந்த வேசந்தான் நிக்குது. யோவ், ஒரே ஒரு தடவ மூஞ்சியக் கழுவிட்டு வாய்யா.

"மூக்கு எப்பிடிம்மா?"ன்னு பென்சிலப் புடிச்சுக்கிட்டே இருக்கா.