இரண்டு மணி முதல் நாலு மணி வரை

எங்கள் ஊர் விட்டலன் கோவில் படியை நான் கரண்ட் வேலைக்கு மட்டும்தான் ஏறுவேன். மோட்டார் காயில் கட்டுவது என் தொழில். கோவில் மைக் செட் இரைந்தாலும் இந்த உத்தம் கந்தாரேயைத்தான் கூப்பிட வேண்டும், வேறு ஆள் கிடையாது. போவேன், செருப்பைக் கழற்றுவேன், கும்பிட மாட்டேன்.

என் அப்பா பண்டரிபுரத்துக்கு முப்பத்தொரு தடவை நடந்தே போனவர். முப்பத்தொன்றாவது தடவை திரும்பும் வழியில் லாரி மோதிச் செத்தார். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்தால் எந்தச் சுற்று தீய்ந்தது, ஏன் தீய்ந்தது என்று சொல்லிவிடுவேன். அப்பாவின் சாவைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தும் எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. கும்பிடுகிறவர்களைக் கேட்டால் "எல்லாம் அவன் சித்தம்" என்றார்கள். அது பதிலா? கேட்கிறவன் வாயை அடைக்கிற வழி. அன்றிலிருந்து கோவிலுக்கு எதிரே டீக்கடை பெஞ்சுதான் என் இடம். போகிறவன் வருகிறவனையெல்லாம் வம்புக்கு இழுப்பேன். அதிகம் மாட்டுகிறவன் சோபான்.

சோபான் தகே என்னோடு பள்ளிக்கூடம் போனவன். சோயா விதைக்கிற சம்சாரி; கழுத்தில் துளசிமணி. சித்திரையில் கோவிலில் ஏழு நாள் நாம சப்தாகம் நடக்கும்போது பகல் இரண்டு மணி முதல் நாலு மணி வரை வீணை அவன் கையில். இருபத்திரண்டு வருஷமாக அந்த நேரம் அவனுடையது. எங்கள் வீணை சின்னது, கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் ஆரம்பித்துவிட்டால் ஏழு நாளும், ராத்திரி பகல் பாராமல், அது தரையில் படக் கூடாது. பிடித்தவன் உட்காரக் கூடாது. அடுத்தவன் வந்து வாங்கும்வரை நிற்க வேண்டும். வெயிலில் ஊரே சுருண்டு படுத்துவிடும் அந்த இரண்டு மணி நேரத்தை யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள்.

இந்த வருஷம், நாலாம் நாள். மைக் இரைகிறது என்று ஆள் விட்டார்கள். இரண்டே காலுக்குப் போனேன். கோவிலில் சோபானைத் தவிர ஈ காக்கை இல்லை. தந்தியை மீட்டி "ராமகிருஷ்ண ஹரி" என்று முனகிக்கொண்டு நின்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கு லாத்தூர் ஆஸ்பத்திரியில் அவன் மனைவி மதுராவுக்கு வயிற்றில் ஆபரேஷன்.

"ஏண்டா, பொண்டாட்டி அங்க ஆபரேஷன் மேசையில கெடக்கா. நீ இங்க கட்டையக் கட்டிக்கிட்டு நிக்கற?"

"வெள்ளிக்கிழமைன்னுதான் சொன்னாங்க. திடீர்னு இன்னிக்கு மாத்திட்டாங்க. பையன் விலாஸ் கூட இருக்கான். 'உங்க முறைய நின்னு முடிச்சிட்டு வாங்க, நான் எங்க ஓடிடப் போறேன்'னு அவதான் சொன்னா."

"அவ சொன்னா, உன் புத்தி என்ன புல்லு மேயப் போச்சா?"

நான் ஆம்ப்ளிஃபயர் மூடியைக் கழற்றி உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. ஒரு கையில் வீணை, ஒரு கையில் தாளக்கட்டை. நான்தான் போனை எடுத்து அவன் காதில் வைத்தேன். விலாஸின் குரல் எனக்கும் கேட்டது.

"அப்பா, ரத்தம் நிக்கல. டாக்டர் உங்கள உடனே வரச் சொல்றாரு."

"கெளம்புடா" என்றேன்.

"யார்கிட்ட குடுக்கறது? அடுத்த முறை பர்க்கூவோடது, நாலு மணிக்குத்தான் வருவான்."

"கீழ வெச்சிட்டுப் போ. யாரு பாக்கப் போறா?"

அவன் என்னையே பார்த்தான். "நீ வாங்கிக்க, உத்தம்."

"நான் நம்பாதவன்டா!"

"நான் மட்டும்?"

எனக்கு விளங்கவில்லை. "என்னடா சொல்ற?"

"எனக்கும் ஒண்ணும் தெரியலடா. ரொம்ப வருஷமாவே. கண்ண மூடினா இருட்டுதான் இருக்கு. மதுரா ஒருத்திக்குத்தான் இது தெரியும்."

"அப்புறம் என்ன? கீழ வை!"

"வெக்க முடியல. ஏன்னு கேக்காத. பிடி."

வீணையின் நாடாவை என் கழுத்தில் மாட்டினான். தாளக்கட்டையைக் கையில் திணித்தான். குனிந்து என் காலைத் தொட்டான். வீணை பிடித்தவன் காலைத் தொடாமல் யாரும் போக மாட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் வெளியே அவனுடைய பைக் கிளம்பிவிட்டது.

முதல் அரை மணி நேரம் கோபத்திலேயே போனது. அப்புறம் முழங்கால் வலி. தூணில் சாய்த்து வைத்துவிட்டு எதிரே போய் ஒரு டீ குடித்து வந்தால் யாருக்குத் தெரியும்? கடவுள் இல்லை. ஆளும் இல்லை. தூண் வரைக்கும் போகவும் போனேன். சோபான் இதை என் கழுத்தில் மாட்டிய வேகம் நினைவுக்கு வந்தது. திரும்பி வந்து நின்றுகொண்டேன்.

எதிரே அந்தக் கறுப்பு விட்டலன், இடுப்பில் கை வைத்து, செங்கல் மேல். பெற்றோருக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த புண்டலிகன், தேடி வந்த இவனிடம் 'கொஞ்சம் நில், வருகிறேன்' என்று எறிந்த செங்கல். இவன் இன்னும் நிற்கிறான். எத்தனையோ வருஷத்துக்கப்புறம் அந்த முகத்தை நேராகப் பார்த்தேன்.

"உனக்கும் கால் வலிக்குதா?" என்று வாய்விட்டே கேட்டேன். பதில் வரவில்லை. வரும் என்று நினைக்கவும் இல்லை.

பருத்திக் காட்டிலிருந்து வந்த ஒரு பெண் உள்ளே வந்தாள். என்னைப் பார்த்துத் திகைத்தாள். ஆனாலும் குனிந்து காலைத் தொட்டுவிட்டுப் போனாள். எனக்குக் கூசியது. 'அம்மா, நான் அந்த ஆள் இல்லை' என்று கத்த வேண்டும் போலிருந்தது.

மதுரா நினைவு வந்துகொண்டே இருந்தது. இந்த ஊரில் எனக்கு வாய்க்கு வாய் கொடுக்கிறவள் அவள் ஒருத்திதான். தண்ணீர்க் குடத்தோடு டீக்கடையைத் தாண்டும்போது, "உத்தம் அண்ணா, கடவுள்தான் இல்லையே, அப்புறம் தெனமும் யாரத் திட்டறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போவாள். பெஞ்சே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

எப்போது ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. இது கீழே படாதவரை அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது உறைத்ததும் வெட்கமாக இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

நாலு மணிக்கு பர்க்கூ ஷிண்டே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். என்னைக் கண்டதும் துண்டு கையிலேயே நின்றது.

"என்னடா இது? சூரியன் மேக்க உதிச்சிடுச்சா?"

விஷயத்தைச் சொன்னேன். "சரி, குடு" என்று கை நீட்டினான்.

"மாட்டேன். போன் வரட்டும்."

"இது என் முறைடா!"

"இருந்துட்டுப் போகட்டும். போன் வந்ததும் தரேன்."

முறைத்தான். அப்புறம் என்ன தோன்றியதோ, என் பக்கத்திலேயே நின்றுகொண்டான்.

ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால் என் போன் அடித்தது. பர்க்கூதான் எடுத்து என் காதில் வைத்தான்.

"உத்தம்" என்றான் சோபான். "போயிட்டாடா."

வீணையை மார்போடு இறுக்கிக்கொண்டேன்.

"வீணை?" என்று கேட்டான்.

"கைல இருக்கு."

"சரி" என்றான். வைத்துவிட்டான்.

அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபம் என் அப்பா செத்த அன்று கூட வரவில்லை. "நின்னேனேடா! ரெண்டரை மணி நேரம் நின்னேனே!" என்று அந்தக் கல்லைப் பார்த்துக் கத்தினேன். வீணையைத் தரையில் அடிக்க ஓங்கிவிட்டேன். பர்க்கூ பயந்து பின்னால் போனான். ஆனால் என்னைத் தடுக்கவில்லை, வெறுமனே இரண்டு கைகளையும் நீட்டினான்.

அந்தக் கைகளில்தான் கொடுத்தேன். நாடாவை என் கழுத்திலிருந்து எடுத்து அவன் கழுத்தில் மாட்டினேன். குனிந்து அவன் காலைத் தொட்டேன். அவன் என் காலைத் தொட்டான். அப்பா போனபிறகு நான் தொட்ட முதல் கால் அது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

சாவுத் தீட்டு பத்து நாள். சோபான் கோவிலுக்குள் வர முடியாது. இரண்டு மணி முறைக்கு யார் என்று மறுநாள் பெரியவர்கள் மண்டபத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் போய் வீணையை வாங்கிக்கொண்டேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டைதான் போட்டிருப்பேன்.

சப்தாகத்தின் ஆறாம் நாள் அஸ்தியைக் கரைத்துவிட்டு சோபான் நேராக டீக்கடைக்கு வந்தான். என் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு மணி நேரமும் கோவிலுக்குள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பர்க்கூவிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். பக்கத்தில் உட்காரப் போனேன்.

"தள்ளி ஒக்காரு. தீட்டு. நாளைக்கும் நீ வீணை பிடிக்கணும்."

"இருட்டுதான் இருக்குன்ன? இருட்டுக்கு ஏதுடா தீட்டு?"

"தள்ளி ஒக்காருன்னா ஒக்காரேன்."

பெஞ்சின் அந்தக் கோடியில் அவன், இந்தக் கோடியில் நான். டீ வந்தது. இருவருமே குடிக்கவில்லை.

"உனக்கு ஏதாவது தெரிஞ்சுதா?" என்றான்.

"கால் வலிச்சுது."

தலையாட்டினான். "எனக்கும் அதேதான். இருபத்திரண்டு வருஷமா."

"அப்புறம் எதுக்குடா நின்ன?"

டீ கிளாஸை ஓரமாகத் தள்ளி வைத்தான். "தெரிஞ்சப்புறம் நிக்கலாம்னு இருந்தா ஒருத்தனும் நிக்க மாட்டான். அதுவும் சொல்லத் தெரிஞ்ச காரணம்தான். நெசமான காரணம் அவ. மத்தியானம் சாப்பிட்டுட்டு அசந்துடுவேன். ஒண்ணே முக்காலுக்கு வந்து என் கால ஆட்டி எழுப்புவா. 'ஒண்ணும் தெரியலடி, எதுக்குப் போகணும்'னு கேப்பேன். 'போயி நில்லுங்க, மோர் வெச்சிருக்கேன் வந்து குடிங்க'ம்பா." கோவில் பக்கம் திரும்பினான். "அடுத்த வருஷம் என்னை யார்டா எழுப்புவா?"

கோவிலில் பர்க்கூ மீட்டுவது கேட்டது. நான் சரிசெய்யாமல் விட்ட மைக் இன்னும் இரைந்துகொண்டிருந்தது. எங்களுக்கு நடுவில் ஒரு முழ இடைவெளி. கையைக் கூடப் பிடிக்க முடியவில்லை.

"ஒண்ணே முக்காலுக்கு நான் வந்து கதவத் தட்டறேன்" என்றேன். "மோர் மட்டும் நீ வெச்சிடு."