மண்புழு வளைவு

நீர்நாய்த் தடத்துக்கு வரிசை ஒன்று உருவாகும் என்று வெர்னன் ஹாஸ்கெட் கனவிலும் நினைத்ததில்லை. சாதாரண நாட்களில் அந்தப் பாதைக்குள் நுழைகிறவர்கள் இரண்டே வகை: கழிப்பறையைத் தேடி வழி தவறியவர்கள் ஒரு வகை, வெர்னன் மற்றொரு வகை. இன்றைக்கோ வாசல் பலகையில் காத்திருப்பு நேரம் நான்கு மணி என்று போட்டிருந்தது. பாதிப் பேர் கையில் கறுப்புப் பட்டை கட்டியிருந்தார்கள். ஒரு பெண்மணி ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கையால் வறுத்த வான்கோழிக் காலைக் கடித்துக்கொண்டிருந்தாள். வைல்ட்மியர் பூங்காவில் எதை மூடினாலும் இப்படித்தான். இருக்கிறவரை எட்டிப் பார்க்காதவர்கள் கடைசி நாளன்று விடியற்காலையிலேயே வந்து நின்றுவிடுவார்கள். கிஸ்ஸிமி வட்டாரத்தில் சொந்த மாமனார் செத்தால்கூட இவ்வளவு கூட்டம் சேராது.

கூட்டத்தைப் பார்த்து அவன் பெருமைப்பட்டிருக்க வேண்டும். அதைச் சேர்த்ததே அவன்தான். ஏர்கண்டிஷனர் பழுது பார்ப்பது அவன் தொழில். வாரம் ஒருமுறை தன் கார் கொட்டகையில் ஒரு மைக்கை வைத்துக்கொண்டு, பழைய பள்ளிப் பேருந்து ஓட்டுநரான மார்வாவோடு 'காடு போதும்' என்ற பாட்காஸ்ட் நடத்துவது அவன் பொழுதுபோக்கு. மரமும் மிருகமும் பார்க்க வைத்த பூங்காவில் சினிமாவுக்கு என்ன வேலை என்பதுதான் அதில் ஒரே கேள்வி. அதைப் பல வருடங்களாகப் பலவிதமாகக் கேட்டுவந்தான். அப்படிக் கேட்கும்போது கொட்டகையில் குளிர்சாதனம் முழு வேகத்தில் ஓடும். காட்டைப் பற்றி அவ்வளவு உருகுகிறவன் போன வருடம் இந்தத் தடத்தில் நடந்தது இரண்டே முறை. வெயில் அப்படி.

நீர்நாய்த் தடத்தை எடுத்துவிட்டுக் 'கொள்ளைக்காரக் கீரிகள்' படங்களை வைத்து பார்வையாளர்கள் ஏறிச் சுற்றிவர ஒரு ரைடு கட்டப்போகிறார்கள் என்று போன குளிர்காலத்தில் செய்தி கசிந்தது. ஐந்து பாகம் வந்து, ஐந்திலும் அதே கீரிகள் அதே கப்பலை இழந்து, அதே கப்பலை மீட்ட படங்கள். கூடவே ஒரு வரைபடமும் கசிந்தது. அதில் ரைடின் கப்பல் ஓடும் தண்டவாளம் நேராக வந்து, நடுவில் காரணமே இல்லாமல் ஒருபக்கமாக நெளிந்து, மறுபடி நேராகப் போனது. வெர்னனுக்கு அது போதும். "இது தண்டவாளம் இல்ல மார்வா, மழைக்கு வெளிய வந்த மண்புழு. இதை வரைஞ்ச ஆள் மரத்தைக் கார்ன்ஃபிளேக்ஸ் டப்பாவுலதான் பாத்திருக்கணும்" என்றான். மார்வா சிரித்த சிரிப்பில் மைக் கீழே விழுந்தது. அவனுடைய பாட்காஸ்ட் அதற்குமுன் அவ்வளவு பேரை எட்டியதில்லை. அடுத்த வாரமும் மண்புழு, அதற்கடுத்த வாரமும் மண்புழு. யாரோ டி-ஷர்ட் அடித்தார்கள். பச்சைத் துணியில் நெளிகிற புழு, கீழே 'டப்பாவில் பார்த்த மரம்' என்று எழுத்து.

அறிவிப்பு விழாவை அவனும் மார்வாவும் மைக்கைத் திறந்துவைத்துக்கொண்டு நேரலையில் பார்த்துக் கிண்டலடித்தார்கள். மேடையில் இருந்தவர், மூன்று வருடமாக இந்த ரைடை ரகசியமாக வடிவமைத்தவரை அழைக்கிறேன் என்றார். கொரீன் ஹாஸ்கெட் மேடையேறினாள். வெர்னனின் மகள்.

பூங்காவில் அவள் வேலை செய்வது அவனுக்குத் தெரியும். என்ன வேலை என்று கேட்டால் "ஆபீஸ் வேலைதான்ப்பா" என்பாள். அந்த நிறுவனத்தில் வரைகிறவர்கள் தாங்கள் வரைவதைக் கட்டிய கணவனிடம்கூடச் சொல்லக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பென்சிலையே எடுப்பார்கள். அவனோ, என் பொண்ணு கழிப்பறைக்கு அம்புக்குறி வரையறா என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தான். நேரலையில் அவன் விடாமல் இருமினான். "வெர்னனுக்குப் புரையேறிடுச்சு மக்களே" என்று மார்வாதான் சமாளித்தாள்.

அன்றைக்கு மாலை போன் செய்து, "ஜோக்குதாம்மா" என்றான். "தெரியும்ப்பா" என்றாள் கொரீன். அவ்வளவுதான். அவள் கத்தியிருக்கலாம். அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வந்தாள். வந்து மழையைப் பற்றிப் பேசினாள், காரின் டயரைப் பற்றிப் பேசினாள், தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். அதற்குமுன் அந்த வீட்டில் அவள் தட்டைக் கழுவியதே இல்லை; விருந்தாளிகள்தான் கழுவி வைப்பார்கள்.

"என்ன வெர்ன், நீ மட்டும் வெள்ளைச் சட்டையில வந்திருக்க?" என்று வரிசையில் பக்கத்தில் நின்ற மார்வா கேட்டாள். அவள் பச்சைச் சட்டையில் புழு நெளிந்துகொண்டிருந்தது.

"பச்சை துவைக்கப் போட்டிருக்கு."

"நீ துவைச்சுட்டாலும்."

அப்போதுதான் கயிற்றுக்கு வெளியே கொரீன் நிற்பதைப் பார்த்தான். அலுவலக அட்டை இல்லை, தொப்பியைக் கண் வரைக்கும் இறக்கியிருந்தாள். அவன் கையை ஆட்டி, "வாம்மா, இங்க வா" என்று கயிற்றைத் தூக்கினான். பின்னாலிருந்து உடனே ஒரு குரல்: "அண்ணே, நாங்கெல்லாம் காலைலேர்ந்து நிக்கறோம்." இந்த ஊரில் ஒருவன் வரிபாக்கி வைக்கலாம், இரண்டாம் கல்யாணம் பண்ணலாம், வரிசையில் மட்டும் புகக்கூடாது.

"நான் கடைசிலயே நிக்கறேன்ப்பா. நீ இரு" என்றாள் அவள். சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

வெர்னனுக்கு முன்னால் முப்பது பேர்தான் இருந்தார்கள். வெயிலில் மூன்றரை மணி நேரம் நின்று சம்பாதித்த இடம் அது. கயிற்றுக்கு அடியில் குனிந்தான். வயிறு கயிற்றில் சிக்கியது. "எங்கய்யா போற? தடத்துக்கு விடை சொல்ற பேச்சை யார் குடுக்கறது?" என்று மார்வா பதறினாள். "நீயே குடு. உனக்குத்தான் தொண்டை பெருசு" என்று சொல்லிவிட்டு, மூச்சிரைக்க மகள் பின்னால் ஓடினான்.

வரிசையின் வால் பெரிய ஓக் மரத்தைத் தாண்டிக் கிடந்தது. பூங்காவுக்கு முந்தியது அந்த மரம், அதற்கு முந்தி அங்கே இருந்த மாட்டுப் பண்ணைக்கும் முந்தியது. கிளைகள் பக்கவாட்டில் போய்த் தரையில் முழங்கையை ஊன்றியிருந்தன. சாம்பல் பாசி தாடி தாடியாகத் தொங்கியது. அதன் நிழலில் மட்டும் யாரும் விசிறிக்கொள்ளவில்லை. அப்பாவும் மகளும் அந்த நிழலுக்கு வந்து சேருவதற்குள் அவர்களுக்குப் பின்னாலும் ஒரு கூட்டம் நின்றுவிட்டது.

"கீரி வேணாம்னு உன்கிட்ட நான் சொல்லல" என்று தொடங்கினான் வெர்னன்.

"வருஷக்கணக்கா மைக்ல சொன்னியே."

"பொதுவா சொன்னேன். காட்டுக்கு எதுக்கும்மா கதை? மரம் சும்மா நிக்கட்டுமே, நீர்நாய் சும்மா நீந்தட்டுமே."

"சும்மா இருந்தா யாரும் வரலயேப்பா. கீரி வராட்டி இங்க கார் நிறுத்தற இடம் வந்திருக்கும். அந்தத் திட்டத்தையும் நான் பாத்தேன். எனக்கு மட்டும் அந்தப் படம் பிடிக்குமா? ரெண்டாவது பாகத்துல தூங்கிட்டேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "அஞ்சு வயசுல நான் இந்தத் தடத்துல நடக்க மாட்டேன்னு தரையில உக்காந்துட்டேன். அந்த நீர்நாய் ஒரு பேங்க்கைக் கொள்ளையடிச்சுட்டு இங்க ஒளிஞ்சிருக்குன்னு சொல்லித்தானே நீ என்னைக் கடைசி வரைக்கும் நடக்க வச்ச."

வெர்னன் குளத்துப் பக்கம் திரும்பி நீர்நாயைத் தேடினான்.

கொரீன் குரலைத் தாழ்த்தினாள். "இப்ப ஒண்ணு சொல்லப் போறேன். நான் சொன்னேன்னு தெரிஞ்சா வேலை போயிடும். உன் ஷோல வரக்கூடாது. மார்வா ஆன்ட்டிகிட்டயும் கூடாது."

"சத்தியமா."

"அந்த வளைவு இருக்கே. மண்புழு." அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. "ஏன் வளையுதுன்னு நீ பாக்கவே இல்ல இல்ல? வரைபடத்துல அந்த இடத்துல பச்சையா ஒரு வட்டம் போட்டிருந்துச்சு."

வெர்னன் அண்ணாந்து பார்த்தான். பாசித் தாடிகள் அசையாமல் தொங்கின.

"தண்டவாளத்தை நேரா கொண்டுபோனா பாதிச் செலவுதான். இந்த மரத்துக்காக ஒரு வருஷம் ஒவ்வொரு கூட்டத்துலயும் சண்டை போட்டேன். கப்பல் வந்து மரத்தைச் சுத்தி, கிளைக்கு அடியில பூந்து, குளத்தோரமா போகும். கீரி பாக்க வர்ற குழந்தை நிஜ மரத்துக்கு அடியில போகணும், நிஜ நீர்நாயைப் பாக்கணும். கையெழுத்து வாங்கிட்டேன்ப்பா. வாங்கி முடிச்சதும்தான் வரைபடம் கசிஞ்சுச்சு."

"அப்ப மரம் இருக்கும்தானே?"

"விளம்பரப் பிரிவுல உக்காந்து மக்கள் என்ன பேசறாங்கன்னு எண்ணினாங்க. எங்க பாத்தாலும் மண்புழு. புழுன்னு பேர் வாங்கின ரைடை விக்க முடியாதுன்னுட்டாங்க. தண்டவாளத்தை நேராக்கிட்டாங்க." அவள் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டினாள். "செவ்வாய்க்கிழமை வெட்டறாங்க. அதுக்குள்ள நீ ஒரு தடவை பாத்துடணும்னு தோணுச்சு. அதான் வந்தேன்."

சின்ன வயதில் பாத்திரத்தை உடைத்துவிட்டால் அவன் முதலில் ஒரு ஜோக் தேடுவான். அம்மா சிரித்துவிட்டால் பாத்திரம் உடையாத மாதிரி. இப்போதும் மனம் பழக்க தோஷத்தில் எதையோ துழாவியது. ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததற்கு அவன் முதன்முறையாகக் கடவுளுக்கு நன்றி சொன்னான்.

"நான் சொல்றேன். வளைவுதான் நல்லதுன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன். எண்ணட்டும். மறுபடி எண்ணட்டும்."

"ஏன்னு கேட்டா?"

"ஏன்னு சொல்ல மாட்டேன்."

அவள் அவனைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

முன்னால் நின்ற பச்சைச் சட்டைக்காரர்கள் அவனை அடையாளம் கண்டுகொண்டார்கள். "நீங்க வெர்னன்தானே? ஒண்ணு எடுத்து விடுங்கண்ணே, நின்னு நின்னு கால் வலிக்குது" என்றான் ஒருவன். கைப்பேசிகள் உயர்ந்தன. வெர்னன் தொண்டையைச் செருமினான். அதற்கே நாலு பேர் சிரித்தார்கள்.

"நான் சொன்னது தப்பு" என்றான். "அந்தப் படத்தை வரைஞ்சவங்களுக்கு மரம்னா என்னன்னு தெரியும். நம்ம எல்லாரையும்விட நல்லாத் தெரியும். அந்த வளைவு அழகான வளைவு. அது அப்படியே இருக்கணும்."

கைப்பேசிகள் இன்னும் கிட்டே வந்தன. பிறகு சிரிப்பு வெடித்தது. வான்கோழிக் கால் பெண்மணி எங்கிருந்தோ, "மூஞ்சிய எப்படி வச்சிருக்கார் பாரு, சாவு வீட்டு மூஞ்சி" என்றாள்.

"இல்லங்க, நிஜமாத்தான் சொல்றேன்."

"நிஜமாத்தான் சொல்றாராம்" என்று ஒருவன் பின்னால் நின்றவர்களுக்கு எடுத்துச் சொன்னான். சிரிப்பு அந்தப் பக்கமும் போயிற்று. இத்தனை வருடம் அவன் வாயைத் திறந்தாலே சிரிக்கவேண்டும் என்று அவனேதான் அவர்களைப் பழக்கியிருந்தான். நன்றாகப் பழகியிருந்தார்கள். யாரோ "அழகான வளைவு, அழகான வளைவு" என்று தாளம் போடத் தொடங்கினார்கள். இன்னும் ஒரு வாரத்தில் அதற்கும் டி-ஷர்ட் வந்துவிடும்.

அவன் மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. வரிசை நகர்ந்தது. நகர்ந்த வரிசை அவனை மரத்தடிக்குக் கொண்டுவந்து விட்டது. முகத்தை யாருக்கும் காட்டப் பிடிக்காமல் அடிமரத்துப் பக்கம் திரும்பி, ஒரு கையை அதன்மேல் ஊன்றி நின்றான். பட்டை வெயிலிலும் ஈரமாக, யாருடைய முதுகோ போலக் குளிர்ந்திருந்தது. கையை எடுத்துக்கொண்டு நகர்ந்தான்.

மகள் தனக்குப் பின்னால் நின்றவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கியிருந்தாள் போலிருக்கிறது. அடுத்து வந்த பருத்த இளைஞன், இதுவும் கடைசி நாள் சடங்கில் ஒன்று என்று நினைத்தானோ என்னவோ, தொப்பியைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் கையை வைத்தான். அவனுக்குப் பின்னால் கறுப்புப் பட்டை கட்டிய ஒரு தம்பதி வைத்தார்கள். இடுப்புக் குழந்தையின் கையை ஒருத்தி பிடித்து வைத்தாள். யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சிரிப்பு அடங்கி, ஒவ்வொருவராக வந்து வைத்து நகர்ந்துகொண்டிருந்தார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம், கைகளைக் கால்சட்டைப் பைக்குள் நுழைத்துக்கொண்டு, எல்லாரும் மரத்தைத் தொட்டு முடித்தபின் வரும் தன் முறைக்காகக் கொரீன் நின்றுகொண்டிருந்தாள்.